மூன்று ஃபிரேம், இரண்டு வேலை: எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

கேனான் கேமராவில் அதற்குப் பெயர் ஏஇபி. நிக்கானில் பிகேடி. சோனி, ஃபியூஜி என்று எதைக் கையில் எடுத்தாலும் ஏதோ ஒரு பெயரில் அந்த வசதி இருக்கும். ஒரே காட்சியை மூன்று முறையோ ஐந்து முறையோ, ஒவ்வொன்றையும் வேறு வேறு வெளிச்ச அளவில் கேமராவே அடுத்தடுத்து எடுத்துக் கொடுக்கும். எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் என்பது அவ்வளவுதான். கையேட்டைப் புரட்டினால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எந்தச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். எதற்காக எடுக்கிறோம் என்பதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

யூடியூபில் தேடினால் அந்தக் குறை தீரும் என்று போனால், அங்கே திரும்பத் திரும்ப ஒரே மந்திரம்: "ட்ரைபாட்ல வைங்க, மூணு ஷாட், பிளஸ் டூ மைனஸ் டூ, அப்புறம் மெர்ஜ் பண்ணிடுங்க." சில காட்சிகளுக்கு இது பொருந்தும். பல காட்சிகளுக்குப் பொருந்தாது. எப்போது பொருந்தும் என்பதைச் சொல்லாமல் மந்திரத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பதில்தான் சிக்கல்.

என் வாதம் இது. பிராக்கெட்டிங் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, எது சரி என்று தெரியாதபோது சிலவற்றை எடுத்து வைத்து நல்லதைப் பொறுக்குவது. இரண்டாவது, ஒரே ஃபிரேமில் அடங்காத காட்சியைப் பகுதி பகுதியாகப் பிடித்துப் பிறகு சேர்ப்பது. பொறுக்கும்போது மிச்சப் படங்கள் குப்பைக்குப் போகும். சேர்க்கும்போது ஒன்றுகூட வீணாகக் கூடாது. இரண்டுக்கும் கேமராவை அமைக்கும் விதமே வேறு. மெனுக்கள் முதல் வேலையிலிருந்து வந்தவை. நாம் அவற்றை இரண்டாவது வேலைக்குப் பயன்படுத்துகிறோம். பிராக்கெட் செய்த படங்களில் நாம் பார்த்து அலுத்துப்போன குறைகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பொறுக்குவது

பீரங்கிக்காரர்களிடமும் இந்தச் சொல் உண்டு. இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாது. ஒரு குண்டு இலக்கைத் தாண்டி விழும்படி சுடுவார்கள், இன்னொன்று இலக்குக்கு முன்னாலேயே விழும்படி. இலக்கு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அப்புறம் இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். முதல் இரண்டு குண்டும் வீண்தான், ஆனால் தெரிந்தே வீணாக்கியவை.

ஸ்லைடு ஃபிலிமில் வேலை செய்தவர்கள் செய்ததும் இதையேதான். ஸ்லைடு ஃபிலிம் தாங்கும் வெளிச்ச வித்தியாசம் சுமார் 5 ஸ்டாப். (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது. 5 ஸ்டாப் என்றால் 32 மடங்கு.) நெகட்டிவ் ஃபிலிமாக இருந்தால் பிரிண்ட் போடும்போது ஓரளவு சரிக்கட்டலாம். ஸ்லைடில் கேமராவுக்குள் விழுந்ததுதான் கடைசிப் படம். அரை ஸ்டாப் கூடிப்போனால் வெள்ளை வேட்டியின் மடிப்பு காணாமல் போய்விடும். ஆகவே முக்கியமான காட்சி என்றால் மீட்டர் சொன்னபடி ஒன்று, அரை ஸ்டாப் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று. 36 படச் சுருளில் 12 காட்சிதான் தேறும். செலவு பிடித்த காப்பீடு. பின்னால் வந்த ஃபிலிம் கேமராக்கள் இதைத் தாங்களே செய்யத் தொடங்கின. இன்றைய மெனுவில் 1/3, 1/2 ஸ்டாப் படிகள் உட்கார்ந்திருப்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

டிஜிட்டலில், அதுவும் ரா ஃபைலில் எடுப்பவருக்கு, இந்த முதல் வேலை கிட்டத்தட்ட முடிந்துபோன கதை. எடுத்த அடுத்த நொடியில் ஹிஸ்டோகிராம் கண் முன்னால் இருக்கு. அரை ஸ்டாப் தவறை மென்பொருளில் ஒரே இழுப்பில் திருத்திவிடலாம். அரை ஸ்டாப் இடைவெளியில் மூன்று ரா படம் எடுப்பது, ஒரே கடிதத்தை மூன்று தபால் பெட்டியில் போடுவது மாதிரி.

சேர்ப்பது

இரண்டாவது வேலை முதலாவதைவிடப் புதியது என்று பலர் நினைக்கிறார்கள். எச்டிஆர் என்ற சொல் கணினியோடு வந்ததால் வந்த எண்ணம். உண்மையில் இது புகைப்படக் கலையின் முதல் இருபது ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிட்டது.

1850-களில் பயன்பட்ட கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீல நிறத்துக்கு மிக அதிகமாக உணர்வு காட்டும். நிலத்துக்கோ கடலுக்கோ சரியாக எக்ஸ்போஷர் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். வானத்துக்குக் கொடுத்தால் கீழே எல்லாம் கறுத்துவிடும். பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே 1857-இல் சேத் என்ற துறைமுக ஊரில் எடுத்த 'பெரிய அலை' படத்தில் இதற்கு ஒரு வழி கண்டார். வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ். இரண்டையும் தொடுவானக் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார்.

இன்று அந்தப் படத்தைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஒட்டுப் போட்ட இடம். இயற்கையே ஒரு கோடு கிழித்து வைத்திருக்கும் இடத்தில் அவர் ஒட்டியிருக்கிறார். இரண்டு நெகட்டிவுக்கும் இன்ன இன்ன வேலை என்று எடுக்கும் முன்பே முடிவாகிவிட்டது. இன்னொன்று, கடலை அவர் வெளுக்க விடவில்லை. அலை கனமாக, கறுப்பாக வருகிறது, நுரை மட்டும் வெள்ளை. மேகத்தில் விவரம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கீழேயும் எல்லாவற்றையும் தூக்கிக் காட்டவில்லை. கையில் இரண்டு எக்ஸ்போஷர் இருந்தும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற நினைவை அவர் விடவில்லை.

லெ கிரேயிடம் குறை சொல்லவும் இடம் இருக்கிறது. ஒரே வானத்தை வேறு வேறு கடல்களின் மேல் அவர் பொருத்தியிருக்கிறார். அந்த இடத்தில் இரண்டு நெகட்டிவும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவை என்ற ஒப்பந்தம் முறிந்துவிடுகிறது. படம் அழகாக இருக்கலாம். ஆனால் அதை பிராக்கெட்டிங் என்று சொல்ல முடியாது, அது படத்தொகுப்பு. இந்த வித்தியாசம் இன்றைக்கும் பயன்படும். ஒரே இடம், ஒரே பொழுது, அளவு மட்டும் வேறு என்பதுதான் பிராக்கெட்டிங்கின் நேர்மை. வானத்தை மாற்றிப் போடும் மென்பொருள் அந்த வேலியைத் தாண்டிவிடுகிறது.

அடுத்த பெரிய உதாரணம் 1997. பால் டெபெவெக், ஜிதேந்திரா மாலிக் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நினைவுத் தேவாலயத்தை உள்ளிருந்து எடுத்த 16 படங்கள் வருகின்றன. வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வெயில், கீழே இருண்ட உட்புறம். 30 நொடியில் தொடங்கி 1/1000 நொடி வரை, ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குறைத்துக்கொண்டே எடுத்தவை. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் 15 ஸ்டாப் வித்தியாசம்.

அவர்களுக்கு வேண்டியிருந்தது அழகான படம் இல்லை. அந்த இடத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் வெளிச்சத்தின் அளவு. எந்தப் புள்ளியாக இருந்தாலும் 16 படங்களில் சிலவற்றில் அது கறுத்தும் போகாமல், வெளுத்தும் போகாமல் நடுவாக விழுந்திருக்கும். அந்தப் படங்களின் சாட்சியத்துக்கு அதிக மதிப்பு, ஓரத்தில் விழுந்த படங்களின் சாட்சியத்துக்குக் குறைந்த மதிப்பு. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு அளவுப் பட்டியல் கிடைக்கும். அதாவது அங்கே பிராக்கெட்டிங் ஒரு அளவுகோல். 16 என்ற எண்ணிக்கையும் அந்தக் காட்சி கேட்ட விலை. எந்த மெனுவும் சொன்னதில்லை.

மெனு எங்கே தவறுகிறது

இப்போது கேமராவுக்கு வருவோம். சேர்ப்பதற்காக எடுக்கும்போது கணக்கு எளிது: ஃபிரேம் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, படியால் பெருக்கினால், கூடுதலாகக் கிடைக்கும் ஸ்டாப். 3 ஃபிரேம், 1 ஸ்டாப் படி என்றால் 2 ஸ்டாப். 3 ஃபிரேம், 2 ஸ்டாப் படி என்றால் 4. 9 ஃபிரேம், 1 ஸ்டாப் படி என்றால் 8.

2008-இல் வந்த கேனான் 5டி மார்க் 2-இல் 3 ஃபிரேம்தான், அதிகபட்சம் ±2 ஸ்டாப். ஆக மொத்தம் 4. அதே ஆண்டு வந்த நிக்கான் டி700-இல் 9 ஃபிரேம் வரை எடுக்கலாம், ஆனால் படி 1 ஸ்டாப்பைத் தாண்டாது. ஆக 8 ஸ்டாப் கிடைக்கும், ஆனால் அதற்கு 9 முறை ஷட்டர் அடிக்க வேண்டும். 2 ஸ்டாப் படியில் 5 ஃபிரேம் என்பதே சேர்ப்பவருக்கு வசதி. இரண்டு கேமராவும் அதைத் தரவில்லை. அதே கேனானுக்கு மேஜிக் லான்டர்ன் என்ற பெயரில் பயனர்களே ஒரு மென்பொருள் எழுதி, கூடுதல் பிராக்கெட்டிங்கைச் சேர்த்துக்கொண்டார்கள். வன்பொருளால் முடிந்ததைத்தான் மெனு தடுத்திருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? 2012-இல் வந்த மார்க் 3-இல் கேனானே 7 ஃபிரேம், ±3 ஸ்டாப் வரை திறந்துவிட்டது.

இதற்கிடையில் சென்சார்கள் ஓடிவிட்டன. டிஎக்ஸ்ஓமார்க் அளவீட்டில் 5டி மார்க் 2-இன் டைனமிக் ரேஞ்ச் 11.9 ஸ்டாப். 2012-இன் நிக்கான் டி800-க்கு 14.4. நான்கு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு கேமராக்களுக்குள் 2.5 ஸ்டாப் வித்தியாசம். பழைய கேமராவில் 3 ஃபிரேம் ±1 வைத்துச் சம்பாதித்ததைப் புதிய கேமரா ஒரே ரா ஃபைலில் கொடுத்துவிடுகிறது. இன்று நல்ல சென்சார் கையில் இருக்கும்போது ±1 பிராக்கெட் எடுப்பவர் பெரும்பாலும் கார்டைத்தான் நிரப்புகிறார்.

இன்னொரு சின்ன விஷயம். கேனானில் கேமராவை அணைத்தால் ஏஇபி தானாக ரத்தாகிவிடும் (மேல்நிலை மாடல்களில் இதை மாற்றிக்கொள்ளலாம்). நிக்கானில் அணைத்துப் போட்டாலும் பிகேடி அப்படியே இருக்கும். முதலாமவர் அமைத்ததை மறக்கிறார், இரண்டாமவர் அமைத்ததை மறக்க விடமாட்டார். சேர்ப்பவருக்கு நிக்கான் வழி வசதி. ஆனால் மறுநாள் பேரக்குழந்தையின் பிறந்தநாளில் மூன்றில் ஒரு படம் இருட்டாக, ஒரு படம் வெளுத்து வரும்போது அந்த வசதியின் விலை தெரியும். இரண்டு நிறுவனமும் இரண்டு விதமான பயனரை மனதில் வைத்திருக்கின்றன. யாரும் அதைக் கையேட்டில் விளக்குவதில்லை.

அப்படியானால் எப்படி அமைப்பது

முதல் கேள்வி: பிராக்கெட் தேவையா? ஒரே ஒரு ரா படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சுவரில் மோதாமல் இருந்தால் தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் மோதினால் எக்ஸ்போஷரை நகர்த்தினால் போதும். இரண்டு பக்கமும் மோதினால்தான் பிராக்கெட். அந்த ஹிஸ்டோகிராம் ரா ஃபைலைக் காட்டுவதில்லை, அதிலிருந்து கேமரா தயாரிக்கும் ஜேபெக் படத்தைக் காட்டுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ராவில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும்.

தேவை என்றால் அளக்க வேண்டும். ஒரு பழைய வீட்டுக் கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வெயில் படும் ஜன்னல், எதிர் மூலையில் நிழலில் ஒரு மர அலமாரி. ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 8. ஸ்பாட் மீட்டரை ஜன்னல் பக்கம் வைத்தால் 1/1000 என்கிறது. அலமாரி மேல் வைத்தால் 1/4. இரண்டுக்கும் 8 ஸ்டாப் வித்தியாசம்.

ஆனால் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் ஆக்கத்தான் வழி சொல்லும். ஜன்னல் வெளிச்சமாகத் தெரிய வேண்டும், ஆகவே 1/1000-ஐவிட 2 ஸ்டாப் கூட்டலாம்: 1/250. அலமாரி நிழலில் இருப்பதாகவே தெரிய வேண்டும், ஆகவே 1/4-ஐவிட 2 ஸ்டாப் குறைக்கலாம்: 1/15. இப்போது 1/250-க்கும் 1/15-க்கும் இடையில் 4 ஸ்டாப்தான். 1/250, 1/60, 1/15 என்று 3 ஃபிரேம், 2 ஸ்டாப் படி. யூடியூப் மந்திரம் இங்கே பொருந்துகிறது! ஆனால் பொருந்தியது அளந்த பிறகு. அதே ஜன்னலில் 1/4000 வந்திருந்தால் இன்னும் ஒரு ஃபிரேம் வேண்டியிருக்கும்.

இங்கே பலரும் தவறவிடுவது நடு ஃபிரேம். மீட்டரின் பூஜ்யம் உங்கள் காட்சியின் நடு ஆகத்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சூரியன் மறையும் கடற்கரையில் மீட்டர் சொல்லும் எக்ஸ்போஷரிலேயே மணல் நன்றாக வந்துவிடும், மேகம்தான் வெளுக்கும். அங்கே +2 ஃபிரேம் யாருக்கும் உதவாது. வேண்டியது 0, -2, -4. அதற்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -2-க்கு நகர்த்திவிட்டு, ±2 பிராக்கெட் போட வேண்டும். நடுவை நகர்த்தும் இந்த ஒரு பழக்கம், புதுக் கேமரா வாங்குவதைவிடப் பலன் தரும்.

மற்றவை எல்லாம் ஒரே விதியின் கிளைகள்: ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற வேண்டியது நேரம் மட்டும்தான். அபர்ச்சர் மாறினால் எவ்வளவு ஆழம் கூர்மையாக இருக்கிறது என்பது மாறிவிடும், ஆகவே அபர்ச்சர் முன்னுரிமை அல்லது மேனுவல். ஐஎஸ்ஓ தானாக மாறக் கூடாது. ஃபோகஸ் பிடித்த பிறகு மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் லென்ஸ் தேட ஆரம்பிக்கும். வைட் பேலன்ஸைப் பூட்டிவிடுங்கள். நிழலைத் தானாகத் தூக்கிக் காட்டும் வசதிகளையும் (கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங்) அணைத்துவிடுங்கள். நீங்கள் இருட்டாக்கச் சொன்ன ஃபிரேமை அது வெளிச்சமாக்கப் பார்க்கும். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்ஷனையும் அணைக்கலாம், ஏன்னா அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும். டைமரில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது கடைசி வேலை.

"கார்டுதான் விலை குறைஞ்சிடுச்சே"

நியாயமான எதிர்வாதம். 7 ஃபிரேம் எடுத்தால் என்ன நஷ்டம்? வேண்டாததை அழித்துவிட்டால் போச்சு.

முதல் நஷ்டம் அசைவு. 7 ஃபிரேமில் கடைசி சிலவற்றுக்கு ஒரு நொடி, இரண்டு நொடி ஆகும். அதற்குள் இலை ஆடும், ஆள் நகர்வார், அலை உருமாறும். சேர்த்த படத்தில் அது ஆவி மாதிரி நிற்கும். லெ கிரேயின் தொடுவானக் கோடு போலச் சுத்தமான எல்லை எல்லாக் காட்சியிலும் கிடைக்காது.

இரண்டாவது நஷ்டம்தான் பெரியது. முடிவை எடுக்க வேண்டிய இடம் மாறிவிடுகிறது. அந்தக் கூடத்தில் நிற்கும்போது அலமாரி எவ்வளவு இருட்டாக இருந்தது என்று கண்ணுக்குத் தெரியும். மூன்று நாள் கழித்து மேஜை முன் உட்காரும்போது தெரியாது. திரையில் 7 ஃபிரேம் இருக்கிறது, ஒன்றில் அலமாரியின் கீல்கூடத் தெரிகிறது. தெரிகிறதே என்று அதைத் தூக்கிவிடுவோம். இடம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லாதபோது, எல்லாம் தெரிவதுதான் நல்லது என்று தோன்றிவிடும்.

ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவில் எடுத்த 'நிலவெழுச்சி, ஹெர்னாண்டஸ்' இந்த இடத்தில் நல்ல எதிர்முனை. ஆடம்ஸ் தேதியைக் குறித்து வைக்கவில்லை. பின்னாளில் நிலவின் இருப்பை வைத்துக் கணக்கிட்டு 1941 நவம்பர் 1 என்று கண்டுபிடித்தார்கள். சாலையோரம் வண்டியை நிறுத்தி, 8-க்கு 10 அங்குலக் கேமராவை நிறுத்தி முடித்தபோது, கல்லறைச் சிலுவைகளின் மேல் இருந்த கடைசி வெயில் போய்க்கொண்டிருந்தது. லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. ஆனால் நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்று அவருக்கு நினைவிருந்தது. அதை நடுச்சாம்பலுக்கு 2 ஸ்டாப் மேலே வைக்கத் தீர்மானித்தால், நடுச்சாம்பலுக்கு சுமார் 60 வரும். ஃபிலிமின் வேகம் 64. அதற்கு எஃப் 8-இல் 1/60 நொடி. ஃபில்டர் மூன்று மடங்கு கேட்கும், 1/20. எஃப் 32-க்குப் போனால் இன்னும் 4 ஸ்டாப், கிட்டத்தட்ட 1 நொடி. எடுத்தார். காப்பீடாக இரண்டாவது ஒன்று எடுக்கத் தகட்டுப் பெட்டியைத் திருப்பும்போது வெயில் போய்விட்டது.

இதைச் சொல்வது "அந்தக் காலத்து ஆள் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுவதற்கு இல்லை. ஆடம்ஸும் இரண்டாவது ஃபிரேமை விரும்பியவர்தான். ஆனால் முதல் ஃபிரேமிலேயே நிலவு எங்கே விழ வேண்டும் என்ற தீர்மானம் இருந்தது. அந்த நெகட்டிவின் முன்பகுதி மெலிந்திருந்தது, பிரிண்ட் போடுவது கடினமாக இருந்தது, பல ஆண்டுகள் அதனோடு மல்லுக்கட்டினார். வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கிக்கொண்டே போனார். விவரத்தைக் கூட்டுவதை விட்டுக் குறைக்கும் பக்கம் போனார் என்பதைக் கவனியுங்கள்.

சேர்த்த பிறகு

பிராக்கெட் எடுத்தவை சேர்ந்ததும் புதுப் பிரச்சினை வரும். காட்சியில் 12, 15 ஸ்டாப் இருக்கலாம். நல்ல பளபளப்புத் தாளில் அச்சிட்டாலும் மிக வெளுத்ததற்கும் மிகக் கறுத்ததற்கும் இடையில் 7 ஸ்டாப் கிடைத்தால் பெரிது. ஆகவே நசுக்கியாக வேண்டும். டோன் மேப்பிங் என்பது இந்த நசுக்கல்தான். மொத்தப் படத்தையும் ஒரே வளைவில் நசுக்கினால் சப்பென்று ஆகும். அதனால் பல நிரல்கள் அந்தந்த இடத்தின் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தனித்தனியாக நசுக்குகின்றன. அதை மிகையாகச் செய்தால் கட்டட விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் வரும், வெள்ளை மேகம் அழுக்காகும், ஒவ்வொரு செங்கல்லும் கத்தும். 2005-இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்2-வில் எச்டிஆர் சேர்ப்பு வந்தது, ஃபோட்டோமேட்டிக்ஸ் பரவியது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் இணையத்தில் நிறைந்த படங்கள் நினைவிருக்கும்.

நம்மூர்க் கோயில் பிராகாரப் படங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். கோபுர வாசலில் கொளுத்தும் வெயில், மண்டபத்தில் அரை நிழல், உள்ளே போகப் போக இருட்டு, கடைசியில் ஒரு எண்ணெய் விளக்கு. நடக்கிறவனின் கண் படிப்படியாக இருட்டுக்குப் பழகிக்கொள்ளும்படி கட்டிய வரிசை அது. எச்டிஆர் படத்தில் முதல் தூணும் கடைசித் தூணும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும், கல்யாண மண்டபத்தில் டியூப் லைட் போட்ட மாதிரி. சிற்ப விவரம் எல்லாம் இருக்கு, இடம் மட்டும் இல்லை. சிற்பத்தை ஆவணப்படுத்துவது நோக்கம் என்றால் அந்தப் படம் சரி, ஸ்டான்ஃபோர்டு தேவாலயத்தை அளந்த மாதிரி. பிராகாரத்தில் நடப்பது எப்படி இருந்தது என்று சொல்வது நோக்கம் என்றால், கடைசித் தூண் முதல் தூணைவிட இருட்டாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு இருட்டு என்பதுதான் படம் எடுத்தவரின் கருத்து.

கைபேசிகள் இந்தக் கருத்தை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டன. கூகுளின் எச்டிஆர் பிளஸ் பற்றிய 2016 ஆய்வுக் கட்டுரை பிராக்கெட்டிங்கையே ஒதுக்கிவைத்தது. குறைந்த எக்ஸ்போஷரில் ஒரே அளவாகப் பல ஃபிரேம்களை எடுத்துச் சேர்த்தால் வெளிச்சப் பகுதி வெளுக்காது, நிழலில் வரும் நாய்ஸ் சராசரியில் குறையும், ஒரே மாதிரிப் படங்களைப் பொருத்துவதும் எளிது. புத்திசாலித்தனமான வாதம். பிறகு ஆழ்ந்த நிழல்களுக்கு அது போதவில்லை என்று நீண்ட எக்ஸ்போஷர் ஒன்றையும் சேர்த்து, பிராக்கெட்டிங்கைத் திரும்பக் கொண்டுவந்ததை 2021-இல் கூகுளே விளக்கியது. பொறியியலாகப் பார்த்தால் இவை நல்ல வேலைகள். ஆனால் நிழலை எவ்வளவு தூக்குவது என்ற தீர்மானம் அந்த நிரலிடம் இருக்கிறது. அது உங்கள் கூடத்தையும் உங்கள் பிராகாரத்தையும் பார்த்ததில்லை.

கேமராவில் கையால் அமைக்கும் பிராக்கெட்டிங்கைக் கற்றுக்கொள்ள இன்றைக்கு ஒரு காரணம் மிச்சம் இருக்கிறது என்றால் அது இதுதான். விவரம் வேண்டுமென்றால் கைபேசி போதும். காட்சியின் இரண்டு முனைகளையும் நாமே அளந்து, எது தெரிய வேண்டும், எது மறைந்திருக்க வேண்டும் என்று அங்கேயே நின்று முடிவு செய்ய இது ஒரு வாய்ப்பு.

ஆகவே அடுத்த முறை அந்தப் பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் என்ன வேலை என்று ஒரு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். இது மேகத்துக்கு, இது சுவருக்கு, இது அலமாரிக்கு. ஒரு ஃபிரேமுக்கு வேலை சொல்ல முடியவில்லை என்றால் அதை எடுக்க வேண்டாம். எடுக்கும்போதே இருட்டு எவ்வளவு இருந்தது என்று ஒரு வரி குறித்து வையுங்கள், மேஜைக்கு வந்ததும் உதவும். நிக்கான்காரர்கள் கிளம்பும் முன் பிகேடியை அணைத்துவிடுங்கள்.